ஸெம்லாவின் வயிறும் வியாழக்கிழமை ஒரு மணியும்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. நீங்களாகக் கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது கௌரவம்.

எங்கள் கட்டடத்தின் நிலவறையில், பதினெட்டு வீடுகளுக்கும் பொதுவான துணி துவைக்கும் அறையில், நான்காவது மாடி இங்கெமார் ரூட்வால் ஒரு படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கேட்டார். பதினோரு வருடப் பழக்கத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான். (பழக்கம் என்றால், மாடிப்படியில் எதிர்ப்பட்டால் வானிலையைப் பற்றி இருவரும் ஒரே கருத்தைச் சொல்லிவிட்டு அவரவர் வழியில் போவது.) மொத்தம் நான்கு விரிப்புகள். அவற்றை மடித்து முடிக்கிற நேரத்துக்குள், என் முகத்தைப் பார்க்காமல், துணியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு இதைச் சொன்னார். மகள் தொலைபேசியை எடுத்த இடம் வரைக்கும் சொன்னார். அதற்குள் விரிப்புகள் தீர்ந்துவிட்டன. கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

மேலே போய் மணியடித்து மிச்சத்தைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். இந்தக் குளிர்நாட்டு யேவ்லே நகரத்தில் முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டு மணியை அடிப்பதற்குக் கட்டடம் தீப்பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தாலும் முதலில் குறுஞ்செய்தி அனுப்புவதுதான் மரியாதை.

ஆகவே முடிவு தெரியாத கதை இது. ஓர் அறுவை சிகிச்சையைப் பற்றியது. நோயாளியின் எடை நூற்று நாற்பத்தாறு கிராம்.

2

முதல் வரியை ஆறு விதமாக எழுதிப் பார்த்தேன். அவமானப்படாமல் காட்டக்கூடியவை இவை.

'பிப்ரவரியின் சாம்பல் வெளிச்சத்தில், கூண்டின் மூலையில், ஒரு சிறு உயிர்...' (ஒரு சிறு உயிர் என்ன செய்தது? தூங்கியது. ஹாம்ஸ்டர், அதாவது எலி ஜாதியில் கையளவு வளர்ப்புப் பிராணி, பகல் முழுக்கத் தூங்கும். கதாநாயகி குறட்டை விடும்போது சாம்பல் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?)

'மனிதனின் தனிமையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு...' (இந்த வரியை எழுதிய ஆளோடு ஒரே மேசையில் காப்பி குடிக்க எனக்கே விருப்பமில்லை.)

'இங்கெமாருக்கு ஹாம்ஸ்டர் பிடிக்காது.'

கடைசி வரி உண்மை. அதை வைத்துக்கொள்கிறேன்.

3

இங்கெமாருக்கு ஹாம்ஸ்டர் பிடிக்காது. வயது ஐம்பத்தெட்டு. நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில், தெருக்களுக்கு அடியில் ஓடும் குழாய்களை வரைபடத்தில் குறிக்கும் வேலை. ஹாம்ஸ்டர் அவருடைய மகள் லோவீஸாவுடையது. ஆகஸ்டில் அவள் இயன்முறை மருத்துவம் படிக்க வடக்கே உமேயோவுக்குப் போனாள். விடுதியில் விலங்குகளுக்கு அனுமதி இல்லை. அதனால் கூண்டு அப்பாவின் வீட்டிலேயே தங்கிவிட்டது. கூண்டு என்றால் வரவேற்பறையில் ஒரு சுவரின் பாதி நீளம். மகளுக்குக் கிடைத்த விடுதி அறையைவிட ஹாம்ஸ்டருக்குக் காற்றோட்டம் அதிகம்.

அதன் பெயர் ஸெம்லா. பிப்ரவரி வந்தால் இந்த ஊர் அடுமனைகளில் குவித்து வைக்கிறார்களே, நடுவில் வெட்டிப் பாலாடையை நிரப்பிய உருண்டை ரொட்டி, அதன் பெயர்தான். முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை. பெயர் வைத்தபோது லோவீஸாவுக்குப் பதினெட்டு வயது. அந்த வயதுக்கு இது நல்ல பெயர்தான்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாலை ஏழு மணிக்கு லோவீஸா திரையில் வருவாள்.

"ஸெம்லா எங்கே? தூங்கிட்டிருந்தா எழுப்பாதேப்பா."

"எழுப்பலை. அவளா எந்திரிச்சா."

(ஆறரை மணிக்கே வெள்ளரித் துண்டை மூக்கருகில் ஆட்டி எழுப்பியிருப்பார்.)

"ஏய் குண்டு! இங்க பாரு! அப்பா, கேமராவைக் கொஞ்சம் கீழ இறக்கு. உன் மூக்குதான் தெரியுது."

இருபது நிமிடப் பேச்சு. அதில் பதினெட்டு நிமிடம் ஸெம்லாவுக்கு. மிச்சம் இரண்டு நிமிடம் இப்படிப் போகும்:

"நீ நல்லாயிருக்கியா?"

"இருக்கேன்."

"சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேன்."

"சரிப்பா. ஸெம்லாவுக்கு ஒரு முத்தம்."

எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் போகிறது என்று தெரிந்த மனிதர் அவர். அந்த இருபது நிமிடம் தன் வீட்டுக்கு எந்தக் குழாய் வழியாக வருகிறது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஸெம்லா போனால் ஞாயிற்றுக்கிழமையும் போகும். ஹாம்ஸ்டரின் ஆயுள் இரண்டு, இரண்டரை வருடம். ஸெம்லாவுக்கு ஒன்றரை ஆகியிருந்தது. லோவீஸாவின் படிப்பு மூன்று வருடம். கணக்கு எங்கே உதைக்கிறது என்று பார்க்க நகராட்சி வேலை தேவையில்லை.

4

இனி கதையின் முதல் முட்டாள்தனம். இதை நான் கற்பனை செய்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

இங்கெமார் தினமும் சமையலறைத் தராசில் ஸெம்லாவை நிறுத்து, எடையைக் கட்டம்போட்ட தாளில் எழுதி, புள்ளிகளை இணைத்து வரைகோடு இழுப்பார். பொறுப்பான மனிதர். ஜனவரி கடைசியில் எடை ஏறத் தொடங்கியது. நூற்று இருபத்தைந்து. நூற்று முப்பத்தொன்று. நூற்று முப்பத்தெட்டு. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வரைகோட்டையே திரையில் காட்டினார்.

"பாத்தியா? நான் பாத்துக்கிற லட்சணம்."

"அப்பா, வயிறு மட்டும்தானே பெருசா இருக்கு? டாக்டர்கிட்ட காட்டேன்."

"நல்லா சாப்பிடுறா, அவ்வளவுதான்."

"ஏதாவதுன்னா எனக்குச் சொல்லணும். உடனே. சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

மறுநாள் காலை கூண்டின் காகிதத் துகள்களில் ஒரு சிவப்புப் புள்ளி கிடந்தது. இங்கெமார் அதை வெகுநேரம் பார்த்தார். பீட்ரூட்டாக இருக்கும் என்று முடிவு செய்தார். ஸெம்லாவுக்கு அவர் பீட்ரூட் கொடுத்ததே இல்லை.

5

செவ்வாய்க்கிழமை கால்நடை மருத்துவர். மார்யத்தா என்று பெயர், ஃபின்லாந்துக்காரி. சுற்றி வளைத்துப் பேசுவது அவருக்கு நேர விரயம்.*

* இங்கே மருத்துவரும் அமைச்சரும் வங்கி மேலாளரும் எல்லோரையும் பெயர் சொல்லி ஒருமையில்தான் அழைப்பார்கள்; எல்லோரும் அவர்களையும் அப்படியே. நான் அதை மாற்றவில்லை. மரியாதை போதவில்லை என்று பதிப்பாளருக்கு யாரும் கடிதம் எழுத வேண்டாம்.

மார்யத்தா ஸெம்லாவை உள்ளங்கையில் மல்லாத்தி, வயிற்றில் களிம்பைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்தார்.

"கர்ப்பப்பையில சீழ். எடுக்கணும்."

"எடை ஏறிச்சே..."

"சீழுக்கும் எடை உண்டு, இங்கெமார்."

அந்தக் கணத்தில் அவர் கட்டம்போட்ட தாளை நினைத்திருப்பார். (நினைத்ததாகச் சொல்லவில்லை. 'நினைத்தார்' என்று எழுதுவதா 'நினைத்திருப்பார்' என்று எழுதுவதா என்று அரை நாள் யோசித்தேன். உங்களுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.)

"பிழைக்குமா?"

"பண்ணினா பிழைக்கலாம். பண்ணலைன்னா பிழைக்காது. இந்த வாரம் இடம் இல்லை. யாராவது வரலைன்னா கூப்பிடச் சொல்றேன். அதுவரைக்கும் இந்த மருந்து, ரெண்டு சொட்டு, ரெண்டு வேளை."

6

புதன்கிழமை பத்து மணிக்கு மருத்துவமனை வரவேற்பிலிருந்து அழைப்பு.

"இங்கெமாரா? உனக்கு அதிர்ஷ்டம். நாளைக்கு, வியாழக்கிழமை, ஒரு மணிக்கு ஒரு இடம் காலியாயிருக்கு."

இங்கெமார் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். மெருகேற்றவில்லை.

"நாளைக்கு ஒரு மணியா? முடியாதே. எனக்குத் துவைக்கிற நேரம்."

நான் விரிப்பைக் கீழே போட்டுவிட்டேன். அவர் குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி, மறுபடி என் கையில் கொடுத்தார்.

வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. துவைக்கும் அறைச் சுவரில் ஒரு பலகை. அதில் தேதிகளும் மணிகளும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குட்டிப் பூட்டு. உங்களுக்கு வேண்டிய கட்டத்தில் அதைப் பூட்டினால் அந்த மூன்று மணி நேரம் உங்களுடையது. விவாகரத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் தேதி மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். பூட்டிய கட்டத்தை விட்டுக்கொடுத்தவரைப் பார்த்ததில்லை.

ஆனால் உண்மையில் என்னைத் தாக்கியது அடுத்த வரி. வரவேற்பில் இருந்த பெண் சிரிக்கவில்லை, அதிர்ச்சி அடையவில்லை. அவள் சொன்னது இதுதான்:

"ஓ, புரியுது. எங்க கட்டடத்திலயும் கிடைக்கிறது கஷ்டம். அப்போ அடுத்த வியாழன் போட்டுடட்டுமா?"

"போடு."

இரண்டு பண்பட்ட மனிதர்கள், ஒரு நிமிடம் பத்து நொடியில், ஒரு பிராணியின் கர்ப்பப்பையை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். குரல் உயரவில்லை. நன்றி சொல்லிக்கொண்டார்கள்.

7

இந்த இடத்தில் இங்கெமார் மீது எனக்குச் சந்தேகம்.

பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது என்பது அவர் தரப்பு. இருக்கலாம். வாசகர் சிரிப்பார், அடுத்த பக்கத்துக்குப் போவார், எனக்கும் வேலை மிச்சம். ஆனால் கட்டம்போட்ட தாளில் எடை எழுதுகிற மனிதர் நாட்களை எண்ணாமல் இருப்பாரா? நாளை அறுவை சிகிச்சை என்றால் நாளையே ஸெம்லா சாகலாம். அடுத்த வியாழன் என்றால் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

ஆகவே அவருக்காக இப்படி ஒரு வசனம் எழுதினேன்: "இன்னொரு ஞாயித்துக்கிழமை கிடைக்கும்னு நெனச்சேன். அவ்வளவுதான். மோசமா?"

அழகாக இருக்கிறது. ஆனால் இதை அவர் சொல்லவில்லை. மூன்றாவது விரிப்பின் நடுவில் நான் கேட்டேன், "நிஜமாவே துணிக்காகத்தான் வேண்டாம்னியா?" என்று. அவர் விரிப்பைத் தன் பக்கம் கொஞ்சம் பலமாக இழுத்தார். நான் தடுமாறி ஓரடி முன்னால் போனேன். அதுதான் பதில்.

(பதிலை வசனமாக மாற்றுவதுதான் என் தொழில். இந்த ஒரு முறை மாற்றாமல் விடுகிறேன்.)

8

வியாழக்கிழமை ஒரு மணி. இங்கெமார் வேலையிலிருந்து அனுமதி பெற்று வந்து, இயந்திரத்தில் விரிப்புகளைத் திணித்துவிட்டு, அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஸிவ் உள்ளே வந்தார்.

ஸிவ் தரைத்தளம். எழுபத்து நான்கு வயது. யேவ்லே துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். இப்போது துவைக்கும் அறையை ஓட்டுகிறார். உலர்த்தியின் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் போனவருக்கு அடுத்த நாள் சுவரில் ஒரு சீட்டு இருக்கும்: 'உங்கள் அம்மா இங்கே வேலை செய்யவில்லை. வாழ்த்துகளுடன், ஸிவ்.'

"பஞ்சு எடுத்தியா?"

"இன்னும் உலர்த்தவே போடலை, ஸிவ்."

"போட்டதும் எடு. ஏன் மூஞ்சி அப்படி இருக்கு? யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்லை."

சொன்னார். ஸிவ் கவிழ்த்து வைத்த கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இரு. ஆபரேஷன் எத்தனை மணிக்கு?"

"ஒரு மணிக்கு."

"இப்போ மணி?"

"ஒன்னு பத்து."

"நீ இங்க நின்னு போர்வை சுத்துறதை வேடிக்கை பாத்துக்கிட்டிருக்கே."

"நேரம் போட்டுட்டேனே."

"எனக்குத் திங்கக்கிழமை காலைலே நேரம் இருக்குடா! கேட்டிருந்தா மாத்திக் குடுத்திருப்பேன்ல?"

"கேக்குறதா? எப்படி?"

"வாயால."

"ஸிவ், பதினோரு வருஷமா நாம சீட்டுலதான் பேசிக்கிறோம்."

"அப்போ சீட்டு எழுதியிருக்கணும்! 'என் எலி சாகக் கிடக்கு, நேரம் மாத்திக்கலாமா, வாழ்த்துகளுடன் இங்கெமார்.' எத்தனை வார்த்தை? உனக்கு எழுதத் தெரியாதா?"

"எலி இல்லை."

"சரி, மகாராணி. யாரா இருந்தா என்ன. போனை எடு. இப்பவே."

எடுத்தார். அந்த ஒரு மணி இடம் நேற்றே பத்தரைக்கு ஒரு முயலின் பல்லுக்குப் போயிருந்தது. முயலின் சொந்தக்காரருக்கு அன்று துவைக்கிற நேரம் இல்லைபோலும்.

ஸிவ் எழுந்து கதவுவரை போனவர் திரும்பினார். "உன் பொண்ணுக்குத் தெரியுமா?"

இங்கெமார் குனிந்து உலர்த்தியின் பஞ்சு வடிகட்டியைக் கழற்றினார்.

"அடப்பாவி," என்றார் ஸிவ்.

9

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மருத்துவமனைத் தொலைபேசி திறந்த அதே நிமிடத்தில், இங்கெமார் அழைத்தார். ஸெம்லா உருண்டையாகச் சுருண்டு கிடந்தாள், காது மடங்கியிருந்தது, தொட்டால் குளிர்ந்தது. அடியில் இருந்த காகிதம் சிவந்திருந்தது. இந்த முறை பீட்ரூட் என்று யாரும் சொல்லவில்லை.

மார்யத்தாவே பேசினார். "கொண்டு வா. சாப்பாட்டு நேரத்துல பண்ணிடறேன்."

இதன் எடையை நீங்கள் உணர வேண்டும். இந்த நாட்டில் பதினொன்றரை மணி மதிய உணவைத் தியாகம் செய்ய முன்வரும் மனிதருக்குச் சிலை வைக்கலாம்.

இங்கெமார் ஒரு வெந்நீர்ப் போத்தலைப் புதிதாகத் துவைத்த தலையணை உறையில் சுற்றி, ஒரு பெட்டிக்குள் வைத்து, அதன்மேல் ஸெம்லாவைப் படுக்கவைத்து, காரின் முன் இருக்கையில் பெட்டிக்கு இருக்கைப் பட்டை போட்டு, மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஒலிப்பானை அழுத்தினார்கள்.

"கடைசியா எப்போ சாப்பிட்டா?" என்றார் மார்யத்தா.

"நேத்து சாயங்காலம். காலைல நீ கொண்டு வான்னதும் கிண்ணத்தை எடுத்துட்டேன், பட்டினிதான். ஆபரேஷன்னா அப்படித்தானே."

"யார் சொன்னா?"

"என் பித்தப்பையை எடுத்தப்போ..."

"நீ நூத்தி நாப்பத்தாறு கிராம் இல்லை, இங்கெமார். இதுங்களைப் பட்டினி போட்டா செத்துடும்." மார்யத்தா ஸெம்லாவின் வாயைத் திறந்து, ஹாம்ஸ்டர் தீனியைப் பதுக்கி வைக்கிற கன்னப் பைக்குள் பஞ்சுக் குச்சியை விட்டார். ஒரு சூரியகாந்தி விதை வந்தது. இன்னொன்று. பட்டாணி மூன்று. அரைத் துண்டுக் காரட், ஓட்ஸ், மறுபடி விதைகள். மேசைமேல் சின்னதாக ஒரு குவியல். "நல்லவேளை, இவ உன்னை நம்பலை."

பிறகு வரவேற்பு மேசையில் ஒரு படிவம். புதன்கிழமை பேசிய அதே பெண்.

"ஸெம்லா லோவீஸா ரூட்வால் பேர்ல பதிவாகியிருக்கா. உரிமையாளர் சம்மதம் வேணும். லோவீஸாவுக்குத் தெரியும்ல?"

கதவுக்கு அப்பால் மயக்கவாயுக் கருவி சீறத் தொடங்கியிருந்தது. இங்கெமார் பேனாவை எடுத்தார்.

"தெரியும்," என்றார்.

கையெழுத்துப் போட்டார்.

(இந்தப் பொய்யை நான் நீக்கிப் பார்த்தேன். நீக்கினால் இங்கெமார் நல்லவராகிவிடுகிறார். கதை செத்துவிடுகிறது. இரண்டில் ஒன்றுதான் பிழைக்கும் என்றதும் நான் யோசிக்கவே இல்லை. எழுத்தாளர்களை நம்பி எதையும் சொல்லக் கூடாது.)

நாற்பது நிமிடம். காத்திருப்பறையில் எதிரே ஒரு நாய், கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. 'அந்த நாயின் கண்களில் அவர் தன்னுடைய...' (இல்லை. அது சும்மாதான் பார்த்தது.)

மார்யத்தா ஒரு கையில் ரொட்டித் துண்டோடு வெளியே வந்தார்.

"மூச்சு இருக்கு. எடுத்தாச்சு. கர்ப்பப்பை ரெண்டு பக்கமும் சுண்டுவிரல் தடிமன், இருபத்திரண்டு கிராம்."

இங்கெமாரின் வரைகோடு ஏறிய அளவுக்கு ஒரு கிராம்தான் கூட.

"ஒரு ஓரத்துல கிழிஞ்சு வயித்துக்குள்ள கசிஞ்சிருக்கு. கழுவி விட்டிருக்கேன். இந்த ரெண்டு நாள் தாண்டணும். தாண்டலாம், தாண்டாமலும் போகலாம். பாதிக்குப் பாதி."

"நேத்து பண்ணியிருந்தா?"

மார்யத்தா மென்றுகொண்டிருந்தார். மெதுவாக விழுங்கினார். அவ்வளவு நேரம் அவர் ஒரு கேள்வியைக் காக்கவைத்ததே கிடையாது.

"நேத்து கிழிஞ்சிருக்காது," என்றார். "லோவீஸாவுக்குப் போன் பண்ணிச் சொல்லு. பொண்ணு காத்துக்கிட்டிருப்பா."

10

முடிவுகளைப் பார்ப்போம். என்னிடம் கையிருப்பு உண்டு.

ஸெம்லா பிழைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குத் தையலோடு திரையில் தோன்றி வெள்ளரி தின்கிறாள். இங்கெமார் ஒன்றும் சொல்லவில்லை; லோவீஸாவுக்கு ஒன்றும் தெரியவில்லை; எல்லோரும் சுகம். இது முடிவு அல்ல, இன்னும் ஒரு வாரம் தள்ளிவைப்பு. புதன்கிழமையே ஒரு தடவை தள்ளிவைத்தாகிவிட்டது.

ஸெம்லா சாகிறாள். பிப்ரவரியில் யேவ்லே மண் கல்லாக உறைந்திருக்கும், மண்வெட்டி இறங்காது. அதனால் இந்த ஊர் வழக்கப்படி, மண் இளகும் ஏப்ரல்வரை அவள் உறைபெட்டியில், காட்டுப்பழப் பையோடும் மீன் துண்டுகளோடும், பெயரும் தேதியும் எழுதிய ஒரு பையில் இருப்பாள். இங்கெமார் ஒவ்வொரு முறை மீன் எடுக்கும்போதும்... (இதை எழுதும்போது நான் சிரித்தேன். பிறகு என் வீட்டு உறைபெட்டியில் ஒரு மஞ்சள் கிளி ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தது ஞாபகம் வந்தது. வாக்கியத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன்.)

மூன்றாவது: கடைக்குப் போய் அதே நிறத்தில் இன்னொரு ஹாம்ஸ்டரை வாங்கிவந்து கூண்டில் விடுவது. உங்களுக்கு இது முதல் பக்கத்திலேயே தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. இங்கெமாருக்கும், காத்திருப்பறையில், நாய் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றியதாம். "நிறம் கிடைச்சிருக்கும்," என்றார் என்னிடம், "ஆனா லோவீஸா அவளை முகம் பாத்தே கண்டுபிடிச்சிருவா." ஒரு ஹாம்ஸ்டருக்கு முகம் உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டது அப்போதுதான். அதைப் பிடிக்காது என்று இனி அவர் சொல்ல முடியாது. என் மூன்றாவது பகுதியின் முதல் வரி பொய்யாகிவிட்டது. அதை அழிக்கவில்லை; நீங்களே போய் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

11

வெள்ளி, மதியம் ஒன்றே முக்கால். மருத்துவமனையின் வாகன நிறுத்தம். பனி லேசாகத் தூறுகிறது. கார் ஓடாமல் நிற்கிறது, வெப்பம் மட்டும் ஓடுகிறது. பக்கத்து இருக்கையில் பட்டை போட்ட பெட்டி. உள்ளே, மழித்த வயிற்றோடு, மயக்கம் முழுதாகத் தெளியாத ஸெம்லா. பக்கவாட்டில் படுத்திருக்கிறாள். விலா ஏறி இறங்குகிறது. இங்கெமார் அதை எண்ணுகிறார். எண்ணாமல் இருக்க அவரால் முடியாது.

ஆகஸ்டிலிருந்து அவர் லோவீஸாவை ஒரு முறைகூடத் தானாக அழைத்ததில்லை. அவள் படித்துக்கொண்டிருப்பாள், நண்பர்களோடு இருப்பாள், தொந்தரவு எதற்கு. ஞாயிறு வந்தால் அவளே வருவாள். அது அவளுடைய கட்டம், அவள் பூட்டிவைத்தது.

அழைத்தார்.

அவருக்காக நான் ஒரு வாக்கியம் தயாரித்துக் கொடுக்க முயன்றேன். 'லோவீஸா, பயப்படாதே, ஒன்னுமில்லை' என்று தொடங்கினால் அது நான்காவது பொய். 'லோவீஸா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்' என்பது சரிதான். ஆனால் எந்தத் தப்பு? சத்தியத்தை மீறியதா, வியாழக்கிழமையா, படிவமா? வரிசைப்படுத்தச் சொன்னால் அவர் மறுபடி கட்டம்போட்ட தாளைத் தேடுவார். 'ஸெம்லாவுக்கு ஆபரேஷன் ஆச்சு' என்பது செய்தி. செய்தி சொல்வதற்கு அப்பா தேவையில்லை.

மூன்றையும் அடித்துவிட்டேன்.

மணி மூன்று முறை அடித்தது. நான்காவதில் எடுத்தாள். பின்னால் தட்டுகளின் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம், சாப்பாட்டுக்கூடம்.

"அப்பா?"

இங்கெமார் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்பா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. என்ன ஆச்சு? உனக்கு என்ன ஆச்சு?" நாற்காலி ஒன்று பின்னால் நகரும் சத்தம். சிரிப்புச் சத்தம் தூரப் போனது. அவள் வெளியே நடக்கிறாள். "எங்கே இருக்கே நீ? ஆஸ்பத்திரியா? நெஞ்சு வலிக்குதா? பேசுப்பா. நான் அடுத்த ரயில்ல வர்றேன். பேசு."

ஸெம்லாவைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

இங்கெமார் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். இதற்கு விளக்கம் எழுதச் சொன்னால் எழுதுவேன். ஒரு பத்தி, ஒரு உவமை, முடிந்தால் கொஞ்சம் கண்ணீர். உங்களுக்கு அது வேண்டாம். அவருக்கு வேண்டியது ஒரு வாக்கியம். என்னுடையவை தீர்ந்துவிட்டன. ஸெம்லாவைக் காப்பாற்றுகிற வாக்கியம் வேண்டாம், அது மார்யத்தாவின் வேலை. உமேயோவில் ஒரு பெண், மேலங்கிகூடப் போடாமல் பனியில் நிற்கிறாள், காதில் தொலைபேசியை அழுத்திக்கொண்டு; அவளுக்குச் சொல்ல ஒரு வாக்கியம்.

நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சீக்கிரம். "அப்பா?" என்று அவள் மூன்றாவது தடவை கேட்டுவிட்டாள்.